மோமி சொன்னதும் மாமி விட்டதும்

வென்ட்வேர்த்வில், சிட்னி
18 மே 2011

அன்புள்ள கலாவுக்கு,

மச்சாள் எழுதுகிறேன். வேறு யாரும் சொல்லி நீர் கேள்விப்படுவதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயது தாண்டிய நான் புதன்கிழமை தோறும் லைப்ரரியில் பாலர் கதை கேட்கப் போகிறேன். பால்பற்கள்கூட விழாத பிள்ளைகளுக்கு நடுவில், பூப்போட்ட பாயில், காலை மடக்கிக்கொண்டு இருக்கிறேன். முதல்நாள் மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். உங்கள் பிள்ளை எது என்று ஒருத்தி கேட்டாள். நான் பதறிப்போய் ஒரு சிவப்புச் சுவெற்றர் பெடியனைக் கைகாட்டினேன். கேட்டவளே அவனுடைய தாய். அதற்குப் பிறகு என்னை ஒரு மாதிரியான மனுசி என்று எடுத்துக்கொண்டு, பாயில் எனக்கென்று ஒரு மூலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எழும்பும்போது இரண்டு தாய்மார் கைகொடுப்பார்கள்.

இங்கே நாங்கள் சுகம். இவருக்கு முழங்கால் வழமைபோல. வேலை சொன்னால் நோகும், பொரியல் மணம் வந்தால் மாறும். உங்கள் சுகம் நீர் எழுதினால்தான் தெரியும். உம்முடைய அவர், என் தம்பி விக்னராஜாவைக் கேட்டால் "ஓம் அக்கா, பரவாயில்லை" என்கிறான். சின்ன வயதில் மரத்தால் விழுந்து கால் முறிந்தபோதும் அவன் அதைத்தான் சொன்னான்.

நான் ரெலிபோன் எடுத்தால் நீர் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். மாசி மாதம் உமக்குப் பிள்ளை பிறந்து, அழாமலே போனபிறகு, நான் உங்கள் வீட்டில் நின்ற நாட்களும் அப்படித்தான் கழிந்தன. ஆகவே அதைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். உங்கள் மகள் சாருஜாவுக்குக் கதை எழுதுகிறேன், நீர் வாசித்துக் காட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. நீர் ரீச்சர், பிழை பிடித்தால் பொழுது போகும்.

லைப்ரரியில் கதை சொல்பவளின் பெயர் மோமி. ஹவாய் என்கிற தீவுக்காரி. இங்கே கலியாணம் முடித்து வந்தவள். புத்தகம் பார்த்துச் சொல்லமாட்டாள். தாய்வழியில் வாயோடு வாயாக வந்த கதைகளாம். கை, கண், இடுப்பு எல்லாம் கதை சொல்லும். எனக்கு இங்கிலீஷ் காதால் அரைவாசி விளங்கும், கண்ணால் ஒரு எழுத்தும் விளங்காது. மிச்சத்தைத் தேத்தண்ணி நேரத்தில் அவளைப் பிடித்துக் கேட்பேன்.

சாருஜா, கேள். மாவுயி என்று ஒரு குழப்படிக்காரன். அவனுடைய அம்மா மரப்பட்டையை அடித்து அடித்துத் துணி செய்வாள். காயப்போட்டால் காயாது, ஏனென்றால் அந்த நாளில் சூரியன் ஓட்டமாக ஓடிப் போய்விடுமாம். மாவுயிக்குக் கோபம் வந்துவிட்டது. கயிறு திரித்து, பெரிய மலையில் ஏறி ஒளிந்திருந்தான். சூரியன் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. அவன் ஒவ்வொரு காலாகச் சுருக்குப் போட்டான். "என்னை விடு" என்று சூரியன் கெஞ்சியது. "அம்மாவின் துணி காயும்வரை மெல்லமாய் நட" என்றான் அவன். வருசத்தில் பாதி மெல்லமாக நடப்பேன், பாதி ஓடுவேன் என்று பேசி முடித்தார்கள். மெல்பேர்ணை மட்டும் அந்தப் பேச்சில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போல. உங்கள் வீட்டுக் கொடியில் என்னுடைய சீலை மூன்று நாள் தொங்கியது.

எல்லோருக்கும் என் அன்பு. பதில் போடாவிட்டால் இன்னும் நீளமாக எழுதுவேன்.

மச்சாள் நாகலட்சுமி

•

நோபல் பார்க், மெல்பேர்ண்
9 யூன் 2011

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறோம். அண்ணாவின் முழங்காலைக் கவனிக்கவும்.

சாருஜா சூரியன் கதையை நான்கு தரம் வாசிக்கச் சொன்னாள். துணி காய்ந்ததா என்று யன்னலால் எட்டிப் பார்க்கிறாள்.

ஒரு விசயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த தம்பிப் பாப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றுதான் சாருஜாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். முதல்நாள் அப்படிச் சொன்னோம், பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படம் கீறினால் வீட்டில் நான்கு பேர் கீறுகிறாள். நீங்களும் கதைக்கும்போது பார்த்துக் கதையுங்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் இன்னும் திரும்பிப் போகவில்லை. உங்கள் கடிதத்தில் பிழை பதினாறு. திருத்தவில்லை.

அன்புடன்
கலா

•

வென்ட்வேர்த்வில்
20 யூன் 2011

அன்புள்ள கலாவுக்கு,

பிழை எண்ணுகிற அளவுக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று வாசித்து மகிழ்ந்தேன். இங்கே இவருக்குத் தடிமன். ஸ்ரேசன் பக்கத்துக் கடையில் ரசப்பொடி வாங்கிவந்து, தானே ரசம் வைக்கிறேன் என்று குசினிக்குள் போனார். வீட்டில் எல்லோருக்கும் தடிமன் மாறிவிட்டது, ரசம் தெறித்த குசினிச் சுவருக்கு மட்டும் மாறவில்லை.

நீர் எழுதியதை மனதில் வைத்துக்கொள்கிறேன். என் வாயால் வராது.

சாருஜாவுக்கு இந்தக் கிழமைக் கதை. பாக்காஆ என்று ஒருவனுக்கு அவனுடைய அம்மா ஒரு சுரைக்குடுவை கொடுத்தாள். அதற்குள் காற்றுகள் எல்லாம் அடைந்து கிடந்தன. அந்தத் தீவுகளில் ஒவ்வொரு ஊர்க் காற்றுக்கும் ஒரு பெயர். மூடியைத் திறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், எந்தக் காற்றைக் கூப்பிட்டானோ அதுமட்டும் வரும். அவனை மதிக்காத வள்ளக்காரருக்குப் புயலைக் கூப்பிட்டான். களைத்துப்போன அரசனுக்கு இளங்காற்றைக் கூப்பிட்டான். மோமி காற்றுகளின் பெயர்களை மூச்சுவிடாமல் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். நானும்தான். என் வாய்க்குள் ஒருத்தன் பிஸ்கட் வைத்தான்.

கலா, இந்தப் பகுதியை அவளுக்கு வாசிக்காதேயும். அந்தக் குடுவைக்குள் பாக்காஆவின் முன்னோர் ஒருத்தியின் எலும்பும் இருந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் மோமி அதையும் சாதாரணமாகச் சொல்கிறாள். நான் பாயில் பின்னால் நகர்ந்துவிட்டேன். சிவப்புச் சுவெற்றர்க்காரன் மட்டும் "நல்ல இடம்" என்றான். நான் எலும்பை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் உங்களுக்குக் கதை அனுப்புகிறேன்.

தம்பியை நன்றாகச் சாப்பிடச் சொல்லும்.

மச்சாள்

•

நோபல் பார்க்
14 யூலை 2011

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். குளிர்தான் கூட.

சாருஜா எங்கள் தெருக் காற்றுகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டாள். கார் விடும் கராச் பக்கம் வருவது 'தும்மல்'. ரெயில் போகும்போது வருவது 'பெரியப்பா'. யன்னலைத் திறந்து பெரியப்பாவைக் கூப்பிட்டாள். உடனே ரெயில் வந்தது. நான் சிரித்துவிட்டேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வேறொன்றும் இல்லை.

இன்னும் கதை இருந்தால் அனுப்புங்கள்.

கலா

•

வென்ட்வேர்த்வில்
28 யூலை 2011

அன்புள்ள கலாவுக்கு,

நீர் சிரித்ததாக எழுதிய கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். 'பெரியப்பா' என்பது தானாகத்தான் இருக்கும் என்று பெருமைப்படுகிறார். மாமியின் புருசன் மாமா என்று சொன்னேன். ரெயில் சத்தத்துக்கு உறவுமுறை முக்கியமில்லை என்கிறார்.

இந்தக் கிழமைக் கதை சின்னது. ஒரு அம்மா தன் வீட்டுச் சுவரோரம் ஒரு கிழங்கை நட்டாள். அதுதான் உலகத்தின் முதல் சேம்பு. இதயம் மாதிரி இலை, காற்று இல்லாவிட்டாலும் மெல்ல ஆடும். பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். சேம்பை அவனுக்கு அண்ணா என்று சொல்லி வளர்த்தாள். தம்பி தண்ணீர் ஊற்றுவான், அண்ணா சாப்பாடு போடுவான். அவ்வளவுதான் கதை. மேலே ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது, அது நல்லது. அவர்கள் சேம்பை அவித்து இடித்துக் களியாக்கிப் பெரிய கிண்ணத்தில் வைப்பார்கள். கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் யாரும் சண்டை பிடிக்கக் கூடாது. கடுஞ்சொல் கூடாது. அண்ணா வந்து இருக்கிறார், அவருக்கு முன்னால் மரியாதை வேண்டும். இந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். கறிச்சட்டியைத் திறந்து வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். உப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே மூடிக்கொண்டார். மிகவும் பிரயோசனமான மக்கள்.

சாருஜா நிறம் தீட்ட மோமி ஒரு தாள் தந்தாள். பெரிய சேம்பிலைப் படம். அதையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பச்சை மட்டும்தான் என்றில்லை, அவளுக்குப் பிடித்த நிறத்தைத் தீட்டட்டும்.

மச்சாள்

•

நோபல் பார்க்
11 ஓகஸ்ட் 2011

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத் தாளின் கீழே இங்கிலீசில் கதை முழுக்க இருந்தது. நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். சாருஜா இப்போது தானே வாசிப்பாள். சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தாள். அந்த அம்மாவின் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது என்றும், அதை வீட்டுக்குப் பக்கத்தில் புதைத்த இடத்தில்தான் சேம்பு முளைத்தது என்றும் அதில் இருந்தது. மாமி இதை விட்டுவிட்டா என்றாள். பிறகு என்னையும் தாயையும் பார்த்து, "எங்கட பேபியை எங்க வச்சனீங்கள்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் கதையை அவள் எப்போதோ நம்பாமல் விட்டுவிட்டாள் போல.

கலா எழும்பிப் போய்விட்டா. இப்போது ஒரு கிழமைக்கு மேலாக யாருடனும் கதைக்கிறா இல்லை. கோபம் உங்களில் இல்லை, அல்லது இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இனிக் கதை அனுப்ப வேண்டாம் அக்கா.

விக்னராஜா

•

வென்ட்வேர்த்வில்
20 ஓகஸ்ட் 2011

அன்புள்ள கலாவுக்கு,

உம்முடைய சுகத்தைக் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

கதை எனக்கு முழுக்கத் தெரியும். மோமி சொன்ன அன்றைக்கே பாயில் இருந்து எழும்பி வெளியே போய் நின்றேன், கைகொடுக்க ஆள் இல்லாமலே எழும்பினேன். உமக்கு எழுதக் கூடாது என்று நினைத்து, செத்த பிள்ளையை எடுத்துவிட்டுக் கிழங்கை மட்டும் வைத்தேன். தாளில் இருந்த எழுத்து எனக்கு இலைக்குக் கீழே ஊர்கிற எறும்பு மாதிரித்தான் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மோமியிடம் உம்மைப் பற்றிச் சொன்னேன். உம்மைக் கேட்காமல் சொன்னது இன்னொரு பிழை, அதையும் எண்ணிக்கொள்ளும். ஏன் சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். செத்த பிள்ளையை எடுத்துவிட்டால் சேம்பு எங்கேயிருந்து வரும் என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். பிறகு, உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறான், தாய் போய்ப் பார்ப்பாளா என்று கேட்டாள். எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்றேன். குழந்தை என்றால் எரிப்பதில்லை, புதைப்பார்கள், முப்பத்தோராம் நாள் கிரியை, ஆண்டுத் திவசம் ஒன்றும் இல்லை என்றேன். அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. அப்போது தாய்க்குச் செய்வதற்கு என்ன இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

உம்மைச் சிரிக்கவைக்கப் பகிடி ஒன்றும் வரவில்லை, கலா.

மச்சாள்

•

வென்ட்வேர்த்வில்
25 செப்ரெம்பர் 2011

அன்புள்ள கலாவுக்கு,

கதை இல்லை. நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். தபால்காரன் என்னைக் கண்டால் இப்போது தானாகவே தலையாட்டுகிறான், இல்லை என்று.

மச்சாள்

•

நோபல் பார்க்
23 ஒக்ரோபர் 2011

அன்புள்ள மச்சாளுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். உங்களில் கோபம் இருந்தது. தாளை அனுப்பியதற்கு இல்லை. மாசியில் அவரும் அண்ணாவும் பிள்ளையைக் கொண்டுபோனபோது நான் வாசல்வரை வந்தேன். நீங்கள்தான் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினீர்கள். வழக்கம்தான். நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சாருஜா எங்கே வைத்தீர்கள் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லப் பயந்து பேசாமல் இருந்தேன் என்று அவர் நினைத்தார். எனக்கு உண்மையாகவே தெரியாது. பெற்றவளுக்கு இடம் தெரியாது.

போன மாதக் கடைசியில் அவரிடம் கேட்டேன். எழும்பிப் போய்க் கார்ச் சாவியை எடுத்தார். பிறகு, "வாரும், காட்டுறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் டண்டினோங் சந்தைக்கு மீன் வாங்கப் போவாரே, தெரியும்தானே. காலையில் போனால் மத்தியானம்தான் வருவார். மீன்கடைக்காரனோடு கதைத்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார். எங்களோடு நான்கு வார்த்தை கதைக்காத மனுசனுக்கு மீன்கடையில் என்ன கதை என்று நானும் யோசிக்கவில்லை. மாசியில் இருந்து ஒவ்வொரு கிழமையும் ஸ்பிரிங்வேல் மயானத்துக்குத்தான் போயிருக்கிறார். மீன் வாங்குவது திரும்பி வரும் வழியில்.

சாருஜாவையும் கூட்டிக்கொண்டு போனோம். குழந்தைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. புல் நல்ல பச்சை. காற்றாடிகளும் பொம்மைகளும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளையின் இடத்தில் சின்னப் பலகை, அதில் குடும்பப் பெயர் மட்டும். இவர் புல்லைப் பிடுங்கித் துப்புரவாக வைத்திருந்தார். பெயர் வைக்காமல் எப்படி எழுதுவது என்று பலகைக்குப் பொறுப்பானவர்கள் கேட்டார்களாம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு பெயர் வைத்திருந்தேன். அன்றைக்குச் சொன்னேன். நிலவன்.

சாருஜா அழவில்லை. யோசித்துவிட்டு, "அந்தக் கதையில செத்தவர் அண்ணா. அவர்தான் சாப்பாடு குடுக்கிறவர். இவன் தம்பி. அப்ப நான்தான் குடுக்கோணும்" என்றாள். தன்னுடைய பிஸ்கட்டில் பாதியை உடைத்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மயானத்தில் வைத்து.

இப்போது மூன்று பேருமாகத்தான் மீன் வாங்கப் போகிறோம்.

மார்கழி விடுமுறைக்கு வாருங்கள். உங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கதைகளை வெட்டாமல் கொண்டு வாருங்கள், எலும்பு உட்பட. இந்த முறை பிழை எண்ணவில்லை.

அன்புடன்
கலா

•

வென்ட்வேர்த்வில்
12 யனவரி 2012

அன்புள்ள கலாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இவர் நான் இல்லாத நாட்களில் தானே சமைத்துச் சாப்பிட்டாராம். மெலிந்து அழகாக இருக்கிறார். தம்பிக்கும் சாருஜாவுக்கும் என் அன்பு.

வீட்டில் வைத்துச் சொல்ல வராதது. எனக்கு எழுத்தில்தான் வரும் என்று இந்த வருசம்தான் கண்டுபிடித்தேன். நீர் என்னைக் கையைப் பிடித்து அந்தப் புல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனீர். வாசலில் வந்ததும் என் கால் வழக்கத்தில் நின்றுவிட்டது. நீர் தோளைப் பிடித்து, "வாங்கோ மச்சாள்" என்றீர். நிலவன் என்று எழுதிய புதுப் பலகையைக் கண்டேன். எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். சேம்புக் கதையை முதலில் இருந்து கடைசிவரை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். நீர் கேட்டுக்கொண்டு இருந்தீர். இனி உமக்கு எழுத எனக்குப் பயமில்லை.

மாசியில் இருந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகிறீர் என்று தம்பி சொன்னான். மோமியின் கதைகளை வகுப்பில் சொல்ல அவளிடம் கேட்டேன். யாருடைய நாட்டுக் கதை என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். வெட்டக் கூடாது என்றும் சொன்னாள், என்னைப் பார்த்துத்தான்.

இன்னொரு விசயம். அன்று மத்தியானம் நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சாப்பிட்டதற்குக் காரணம் கேட்டீர். விரதம் என்றேன். விரதத்துக்கு யாரும் மீன்குழம்பு இரண்டு தரம் வாங்குவதில்லை, நீரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டீர்.

அன்று காலை மயானத்தில் நீரும் தம்பியும் பூச்செடிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், சாருஜா நிலவனுக்கு இன்னொரு கதை வேண்டும் என்றாள். தீவுகளைக் கடலுக்கு அடியில் இருந்து தூண்டில் போட்டு இழுத்த கதையைச் சொன்னேன். அந்தக் கதையில், இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கயிறு அறுந்துவிடும். ஆகவே பார்க்கக் கூடாது. நானும் மோமி மாதிரி இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் பின்னால் போனேன். சாருஜா "மாமி" என்று கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் குழந்தைக்கு அதன் வீட்டார் சட்டியில் ஒரு கள்ளிச்செடி வைத்திருந்தார்கள். தீவு வெளியே வந்த நேரத்தில் நான் அதன்மேல் இருந்தேன்.

செடிக்குச் சேதமில்லை. முள்ளைச் சாருஜா எடுத்தாள், எடுக்கக்கூடியதை. மறுநாள் ஏறிய சிட்னி ரெயில் பகல் முழுவதும் ஓடுகிறது. எனக்கு யன்னலோர இருக்கை தந்திருந்தார்கள். நான் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன்.

மச்சாள் நாகலட்சுமி